துர்க்கான் ஷொராயின் சட்டங்கள்

துருக்கியில் சினிமா பற்றிப் பேசுகிறவர்களிடையே ‘துர்க்கான் ஷொராயின் சட்டங்கள்’ என்றொரு சொல்வழக்கு உண்டு. இவை அரசு இயற்றிய சட்டங்கள் அல்ல. ஒரு நடிகை, தன்னை வைத்துப் படமெடுக்க வந்த தயாரிப்பாளர்களிடம் வைத்த நிபந்தனைகள். திரையில் முத்தமிட மாட்டேன், ஆடை களைய மாட்டேன், படுக்கையறைக் காட்சிகளில் நடிக்க மாட்டேன் என்றார் அவர். திரைக்கதையை முன்கூட்டியே படிக்கத் தர வேண்டும், பிடிக்காத இடங்களை மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் படப்பிடிப்புக்கு வர மாட்டேன் என்றும் சொன்னார். தயாரிப்பாளர்கள் கையெழுத்திட்டார்கள். 1982இல் அவரே இவற்றில் சிலவற்றை உடைக்கும்வரை அந்தச் சட்டங்கள் செல்லுபடியாயின.

இதை முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆண்கள் முதல் போட்டு, ஆண்கள் எழுதி, ஆண்கள் இயக்கிய ஒரு தொழிலில், ஒரு பெண் ‘முடியாது’ என்று சொல்லி, அது நடந்தும் இருக்கிறது. ஆனால் அவருடைய படங்களைத் துணைத்தலைப்புகளோடு ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி வளர்ந்துகொண்டே வந்தது. ஆணாதிக்கச் சமூகம் ஒரு பெண்ணிடம் எதை எதிர்பார்க்கிறதோ, அதையே ஒரு பெண் தன் நிபந்தனையாக வைத்தால் அந்த மறுப்பு யாருடையது? அவளுடையதா, அந்தச் சமூகத்தினுடையதா?

ஷொராய் 1945இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். வசதியில்லாத குடும்பம். அண்டையில் குடியிருந்த நடிகை ஒருவரோடு படப்பிடிப்பைப் பார்க்கப் போன சிறுமி, 1960இல், பதினைந்து வயதில் திரைக்கு வந்தார். மெதின் எர்க்சான் இயக்கிய ‘ஆஜி ஹயாத்’ (கசப்பான வாழ்க்கை) படத்தில் நகங்களுக்கு அழகூட்டும் வேலை செய்யும் ஏழைப் பெண்ணாக நடித்ததற்காக, 1964இல் அந்தால்யாவில் நடந்த முதல் தங்க ஆரஞ்சு விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த அவரை இன்றும் மக்கள் ‘சுல்தான்’ என்றே அழைக்கிறார்கள். துருக்கியில் அந்தப் பட்டம் அரச குடும்பத்துப் பெண்களுக்கும் உரியதாக இருந்தது.

அவர் வேலை செய்த திரையுலகின் பெயர் யெஷில்சாம். இஸ்தான்புல்லில் தயாரிப்பு நிறுவனங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த ஒரு தெருவின் பெயர் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்கு முந்நூறு படங்கள் வரை அங்கே தயாராயின. வசனத்தைப் படப்பிடிப்பில் பதிவு செய்வதில்லை. பிறகு குரல் கொடுப்பார்கள். அப்படிப் பல படங்களில் ஷொராய்க்கு வேறொரு பெண் குரல் கொடுத்தார். ஒரு தேசமே காதலித்த அந்த முகம் திரையில் பேசியபோது, பல நேரங்களில் அது அவருடைய குரலாக இருக்கவில்லை. இது அன்றைய தொழில்முறை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தத் தகவலைக் கடந்துபோக என்னால் முடியவில்லை. முகம் ஓரிடத்தில், குரல் ஓரிடத்தில், வசனம் மூன்றாமவர் கையில் என்று பிரிந்து கிடந்த வேலையில், ஒரு நடிகை ‘இது என்னுடையது’ என்று பிடித்துக்கொள்ள மிஞ்சியிருந்தது ஒப்பந்தத் தாள்தான்.

அந்தத் தாளுக்கு வலு எங்கிருந்து வந்தது? அதானா, இஸ்மிர், சாம்சுன் போன்ற வட்டாரங்களின் விநியோகஸ்தர்கள், படம் எடுப்பதற்கு முன்பே முன்பணம் கொடுப்பார்கள். யார் நடிக்கிறார் என்பதைக் கேட்டுத்தான் கொடுப்பார்கள். ஆகவே ஷொராயின் பெயர்தான் படத்தின் முதல். அந்தப் பெயர் இல்லாவிட்டால் படம் இல்லை என்ற நிலையில் தயாரிப்பாளர் எந்த நிபந்தனைக்கும் இணங்குவார். கதாநாயகியின் தோழியாக நடித்த பெண்ணோ, கூட்டத்தில் நின்ற பெண்ணோ இதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி நின்றிருப்பாள்.

எழுபதுகளின் நடுவில் தொலைக்காட்சி வீடுகளுக்கு வந்தது. தெருவில் அரசியல் வன்முறை மூண்டது. குடும்பங்கள் திரையரங்குக்குப் போவது குறைந்தது. இருக்கைகளை நிரப்ப யெஷில்சாம் பாலியல் நகைச்சுவைப் படங்களை அள்ளிக் கொட்டியது. அவற்றில் நடித்த பெண்கள் பலருக்கு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. அவர்களுடைய பெயர்கள் கேலிக்குரியவையாக மாறிய அதே ஆண்டுகளில் சுல்தானின் பெயர் மேலும் தூய்மையாக ஒளிர்ந்தது. ஒன்றின் வெளிச்சம் மற்றதன் இருட்டிலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

துருக்கியில் ‘நாமுஸ்’ என்றொரு சொல் இருக்கிறது. தமிழில் கற்பு, மானம், குடும்ப கௌரவம் என்று மூன்று சொற்களைச் சேர்த்தால்தான் அதன் பொருள் வரும். ஒரு பெண்ணின் உடலில் வைக்கப்பட்டிருக்கும், ஆனால் அவளுக்குச் சொந்தமில்லாத ஒன்று. தந்தைக்கும் கணவனுக்கும் ஊருக்கும் உரிய அந்தச் சொத்துக்கு அவள் காவல்காரி மட்டுமே. நடிக்க வரும் பெண் அந்தக் காவலை விட்டவள் என்பது பழைய தீர்ப்பு. உஸ்மானியப் பேரரசின் கடைசிக் காலத்தில் முஸ்லிம் பெண்கள் மேடையேறத் தடை இருந்தது. பெண் வேடங்களில் பெரும்பாலும் ஆர்மீனியப் பெண்களே நடித்தார்கள். 1920இல் இஸ்தான்புல்லின் காடிகோய் பகுதியில் அஃபிஃபே ஜாலே என்ற இளம்பெண் அந்தத் தடையை மீறி மேடையேறினார். நாடகக் கொட்டகைக்குப் போலீஸ் வந்தது. வேலை போனது. 1941இல், நாற்பது வயதை எட்டுமுன், மனநல மருத்துவமனையில் இறந்தார். இந்த வரலாறு ஷொராய்க்கு வெகுதூரத்தில் இல்லை; அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த மரணம் அது. திரையில் முத்தமிட மறுத்த நடிகை, தன் தொழிலின் மேல் படிந்திருந்த பழிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பதிலில்தான் எனக்குச் சிக்கல். ‘நான் அப்படிப்பட்டவள் இல்லை’ என்று ஒருத்தி சொன்னால், அப்படிப்பட்டவள் என்று வேறொருத்தி எங்கோ இருந்தாக வேண்டும்.

அந்த வேறொருத்தியாகவும் ஷொராயே நடித்திருக்கிறார். லுட்ஃபி அகாத் 1968இல் இயக்கிய ‘வெசிகாலி யாரிம்’ அவருடைய மிகச் சிறந்த படங்களில் ஒன்று. தலைப்பில் உள்ள ‘வெசிகா’, பாலியல் தொழிலுக்கு அரசு கொடுக்கும் பதிவுச் சீட்டு. சீட்டுள்ள என் காதலி என்பது தலைப்பின் பொருள். மதுக்கூடத்தில் வேலை செய்யும் சபிஹா, காய்கறிக் கடைக்காரன் ஹலிலை நேசிக்கிறாள். அவனுக்கு மனைவியும் குழந்தைகளும் இருப்பது தெரிந்ததும் விலகிப் போகிறாள். அகாத் அவளைப் பரிதாபமாகவும் காட்டவில்லை, பாவியாகவும் காட்டவில்லை. அவள் எடுக்கும் முடிவை அவள் முகத்திலேயே நிறுத்திக் காட்டுகிறார். முத்தம் இல்லாத அந்தப் படத்தில் ஆசை ஒவ்வொரு பார்வையிலும் இருக்கிறது. ஆனாலும் வீடு மனைவிக்கு, தெரு சபிஹாவுக்கு என்ற பாகப்பிரிவினை கடைசிவரை மாறுவதில்லை.

அந்தப் பாகப்பிரிவினையைத் துருக்கியின் குற்றவியல் சட்டமும் எழுதி வைத்திருந்தது. பழைய சட்டத்தின் 438ஆம் பிரிவின்படி, வன்புணர்வுக்கு ஆளானவர் பாலியல் தொழிலாளியாக இருந்தால் குற்றவாளியின் தண்டனையை மூன்றில் இரண்டு பங்குவரை குறைக்கலாம். 1989இல் அரசியல் சாசன நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. பெண்கள் கொதித்தெழுந்தார்கள், 1990இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. ஒரு பெண்ணின் ‘முடியாது’ முழு மதிப்புப் பெற வேண்டுமானால் அவள் முன்பே ‘நல்லவளாக’ இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவின் தர்க்கம். சபிஹா வழக்காடப் போயிருந்தால் அவளுடைய மறுப்புக்கு மூன்றில் ஒரு பங்கு விலைதான் கிடைத்திருக்கும். அவளாக நடித்தவரின் மறுப்புக்கு முழு விலை கிடைத்தது.

இதைச் சொன்னதும் ஷொராயைக் குற்றக் கூண்டில் ஏற்றிவிடும் ஆவல் வரும். அவருடைய சொந்த வாழ்க்கையும் அதற்குத் தீனி போடும். வயதில் மிகவும் மூத்த, மணமான ஒருவரோடு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் அந்த மனிதரின் பொறாமை இருந்தது என்று துருக்கியில் நெடுநாளாகப் பேசப்படுகிறது. அது அவருடைய மறுப்பே இல்லை என்று முடித்துவிடலாமா?

முடியாது என்றே நினைக்கிறேன். ஒரு பெண் வேண்டாம் என்னும்போது, அந்தச் சொல்லில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு தந்தையுடையது, எவ்வளவு பயம் என்று நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுக்கொள்வோம் என்று சொல்ல நாம் யார்? நம்மில் எவருடைய ‘வேண்டாம்’ அப்படிச் சுத்தமாக இருக்கிறது? காரணம் கலப்படமாக இருக்கலாம். அதனால் உரிமை குறைந்துவிடாது.

மறுக்க இடமே கொடுக்காதபோது என்ன நடக்கும் என்பதற்கு அதே காலத்துச் சான்று ஒன்று இருக்கிறது. 1972இல் வெளிவந்த ‘லாஸ்ட் டேங்கோ இன் பாரிஸ்’ விடுதலையின் படமாகக் கொண்டாடப்பட்டது. அதில் நடித்தபோது மரியா ஷ்னைடருக்கு வயது பத்தொன்பது. புகழ்பெற்ற அந்த வன்புணர்வுக் காட்சி திரைக்கதையில் அப்படி இல்லை என்றும், தான் அவமானப்படுத்தப்பட்டதாக உணர்ந்ததாகவும் அவர் 2007இல் சொன்னார். காட்சியின் ஒரு விவரத்தை அவரிடம் வேண்டுமென்றே மறைத்ததாக இயக்குநர் பெர்டோலுச்சியும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். எது பிற்போக்கு, எது முற்போக்கு? பாரிஸின் கட்டற்ற சினிமாவில் ஒரு நடிகையிடம் கேட்கவே இல்லை. நாமுஸ் ஆண்ட இஸ்தான்புல்லில் ஒரு நடிகை, திரைக்கதை முன்கூட்டியே என் கைக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்கினார். முத்தமா, முத்தமில்லையா என்று மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

அதனால்தான் ஷொராயின் சட்டங்கள் நினைவுகூரப்படும் விதம் எனக்கு உறுத்துகிறது. யாரைக் கேட்டாலும் முத்தத்தைச் சொல்கிறார்கள். திரைக்கதையையும் ஞாயிற்றுக்கிழமையையும் சொல்கிறவர்கள் குறைவு. கற்பு பற்றிய பிரிவுகள் கதையாக நிலைத்தன; உழைப்பு பற்றிய பிரிவுகள் மறைந்துபோயின. வார விடுமுறை, என்ன நடிக்கப் போகிறேன் என்று முன்னமே அறியும் உரிமை, அதைத் திருத்தும் உரிமை ஆகியவை ஒரு தொழிலாளியின் கோரிக்கைகள். எந்தப் பெண்ணும் இவற்றைத் தன் ஒழுக்கத்தை நிரூபிக்காமல் கேட்கலாம்.

1972இல் ஷொராய் ‘தொனுஷ்’ (திரும்புதல்) என்ற படத்தை இயக்கினார். கணவன் வேலைக்கு ஜெர்மனி போய்விட, கிராமத்தில் நிலக்கிழாரை எதிர்த்துத் தனியாக நிற்கும் பெண்ணின் கதை. எழுபதுகளின் பிற்பகுதியில் ஆத்திஃப் யில்மாஸ் இயக்கத்தில் ‘செல்வி பொய்லும் அல் யாஸ்மாலிம்’ வந்தது. கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் குறுநாவலில் இந்தக் கதையை ஆண்கள் சொல்கிறார்கள். படத்தில் அஸ்யாவின் மனக்குரல் சொல்கிறது. கைவிட்டுப் போய்த் திரும்பி வந்த காதலனா, தன்னையும் தன் குழந்தையையும் பேணியவனா என்று அவளே எடைபோட்டு, அவளே முடிவு செய்கிறாள்.

1982இல் அதே இயக்குநரின் ‘மினே’. சிற்றூர் ரயில் நிலைய அதிகாரியின் மனைவி மினே. ஊர் ஆண்களின் கண்கள் அவளைத் தின்கின்றன. வெளியூரிலிருந்து வந்த எழுத்தாளன் ஒருவனோடு அவள் கொண்ட நட்புக்கு ஊர் கதை கட்டுகிறது. இறுதியில் அவளே அவனைத் தேடிப் போகிறாள். சட்டங்கள் இந்தப் படத்தில்தான் உடைந்தன என்று சொல்வார்கள். ராணுவ ஆட்சி கட்சிகளையும் சங்கங்களையும் மூடியிருந்த நேரம் அது. பெண்களின் ஆசையைப் பேசும் படங்களின் வரிசை இதிலிருந்துதான் தொடங்கியது. முப்பத்தேழு வயதில், ஒரு நாட்டின் தூய்மைக் கனவைச் சுமந்துகொண்டிருந்தவர் அதைத் தானே இறக்கி வைத்தார். ‘சுல்தான்’ பட்டம் போகவில்லை. முத்தத்தோடு எல்லாம் போய்விடும் என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட பயம் பொய் என்று தெரிந்தது.

முதலில் சொன்ன மறுப்பு அவருடையதா என்ற கேள்விக்கு ‘மினே’யில் எனக்கு ஒரு பதில் கிடைக்கிறது. நாமுஸ் ஒருமுறை போனால் திரும்பாது என்பார்கள். ஷொராயின் சட்டத்தையோ அவரே எழுதினார், அவரே திருத்தினார். திருத்த முடிந்ததால்தான் அது அவருடையது. இன்று ‘சரி’ என்றவள் நாளை ‘முடியாது’ என்னலாம். நேற்று மறுத்தவள் இன்று இணங்கலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்பு இருக்க வேண்டும்.

துருக்கியில் பெண்கள் அமைப்புகள் போராடி 2004இல் புதிய குற்றவியல் சட்டத்தைக் கொண்டுவரச் செய்தார்கள். அதற்குமுன் பாலியல் வன்முறை ‘பொது ஒழுக்கத்துக்கும் குடும்ப ஒழுங்குக்கும் எதிரான குற்றம்’ என்ற தலைப்பின்கீழ் இருந்தது. புதிய சட்டம் அதைத் தனிமனிதருக்கு எதிரான குற்றமாக மாற்றியது. தலைப்பு மாறியதால் வன்முறை நின்றுவிடவில்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் காயம்பட்டவர் யார் என்பது மாறியது. முன்பு காயம்பட்டது ஊர், இப்போது அவள்.

சபிஹாக்களுக்கும், யெஷில்சாமின் பெயரற்ற துணை நடிகைகளுக்கும் தேவைப்பட்டது இதுதான். ஒரு நட்சத்திரம் தன் பெயரின் வலுவால் வாங்கிய உரிமை, பெயரில்லாதவளுக்கும் கேட்காமலே கிடைக்க வேண்டும். ஷொராயின் சட்டங்களை மாணவிகளிடம் சொல்லும்போது நான் இப்போதெல்லாம் முத்தத்திலிருந்து தொடங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன்.