சீட்டைக் காட்டு!

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியோடு தமிழ்நாடு முடிகிறது. அத்திப்பள்ளியில் கருநாடகம் தொடங்குகிறது. 2023-ஆம் ஆண்டின் நடுவிலே, பணம் வைத்துக் கைபேசியில் ரம்மி ஆடுவது இந்தப் பக்கம் குற்றம்; அந்தப் பக்கம் குற்றமன்று! கருநாடகத்தின் தடையை 2022 பிப்ரவரியிலேயே அம்மாநில உயர்நீதிமன்றம் தள்ளிவிட்டது. தமிழகத்தின் தடை 2023 ஏப்ரலில் சட்டமாயிற்று. அதில் ரம்மியையும் போக்கரையும் தடுத்த பகுதியைச் சென்னை உயர்நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் நீக்கிற்று. பின்னர் 2025 ஆகஸ்டில், திறமையாயினும் தற்செயலாயினும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாதென்று நாடாளுமன்றமே சட்டம் செய்தது.

சட்டம் எல்லைக்கல்லைக் கண்டு நிற்கலாம்; அறம் நிற்குமா? சூழ்ச்சி எந்த இடத்தில் திறமையாகிறது, எந்த இடத்தில் வஞ்சனையாகிறது? எல்லைக்கல் அதைக் கூறாது. அறிவுதான் கூற வேண்டும்.

ரம்மி ஆடுகிறான் ஒருவன். இஸ்பேட் ஒன்பதும் கிளாவர் ஒன்பதும் கையில் இருக்கின்றன. ஆட்டீன் ஒன்பது வேண்டும். ஆட்டீன் பத்தைத் தயங்காமல் கழிக்கிறான். 'அந்த வரிசை இவனுக்குத் தேவையில்லை' என்று நம்பி, எதிரி ஒன்பதை இறக்குகிறான். விழுந்தது மீன் தூண்டிலில்! மூன்று சீட்டிலோ, கையில் ஒன்றுமே இல்லாதவன் பந்தயத்தை உயர்த்துகிறான்; நல்ல சீட்டு வைத்திருப்பவன் அஞ்சிக் கவிழ்த்துவிடுகிறான்.

இது பொய்தானே என்பர் புண்ணியம் பேசுவோர். அன்று! பொய் என்பது நம்பியவனுக்குச் செய்யும் இரண்டகம். ஆட்டக்காரன் தன்னை நம்பும்படி எவரையும் கேட்கவில்லை. 'நீ என்னை ஏய்க்கலாம், நான் உன்னை ஏய்க்கலாம்' என்று ஒப்புக்கொண்டே இருவரும் உட்கார்ந்தனர். ஒரே கட்டு, ஒரே விதி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐயம் கொண்டவனுக்கு ஓர் உரிமை உண்டு. பணத்தைப் போட்டு, 'காட்டு!' என்று கேட்கும் உரிமை! கேட்டால் காட்டியே தீர வேண்டும். அந்த உரிமை இருக்கும்வரை சூழ்ச்சி ஒரு கலை. அது பறிபோன நொடியில் அதுவே களவு.

இந்த உரைகல்லில் கைபேசி ரம்மியை உரைத்துப் பாருங்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடித்து வாடகை அறைக்குத் திரும்பிய ஒப்பந்தத் தொழிலாளி திரையைத் திறக்கிறான். எதிரே இருப்பவர் யாரென்று அறியான். சீட்டைக் கலைக்கும் கையைக் காணான். எவர் வென்றாலும் தோற்றாலும், நிறுவனத்துக்கு மட்டும் ஆட்டத்துக்கு ஆட்டம் கழிவு! யாரை நோக்கி அவன் 'காட்டு' என்பான்?

ரம்மி பெரும்பாலும் திறமையாட்டமே என்று, செகந்தராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் 1967-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. விழும் சீட்டை நினைவில் இருத்த வேண்டும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று தேர வேண்டும் என்பது காரணம். அதே தீர்ப்பு மற்றொன்றும் கூறிற்று: ஆட இடங்கொடுப்பவர் அந்த ஆட்டத்தால் ஆதாயம் பெற்றால் அது குற்றமாகக் கூடும்! திறமை இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. அந்தத் திறமையால் கொழுப்பவர் யார் என்பது மறு பாதி.

ஆடுபவனுக்கும் அறம் உண்டு. சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். பாரதமோ, தம்பியரையும் மனைவியையும் பந்தயம் வைத்தவனைத் தருமன் என்று போற்றிற்று! சகுனியின் சூழ்ச்சியைப் பழிக்கும் கதாகாலட்சேபக்காரர்கள், தன்னுடையதல்லாததை வைத்தாடிய தருமனை எத்தனை நாள் பழித்தனர்? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் திரையில் வைக்கும் தந்தையே, அந்தப் பணம் உன்னுடையதா?

தோழர்களே! ஆட்டம் என்றே சொல்லாமல் நம்மீது ஆடப்படும் ஆட்டங்கள் இவற்றினும் கொடியன. 'அடுத்த ஆண்டு நிரந்தரமாக்குவோம்' என்று ஆண்டுதோறும் கூறும் முதலாளி, கணக்கேட்டை மூடி வைத்துக்கொண்டே பந்தயத்தை உயர்த்துகிறான். 'உன் தலையெழுத்து இது' என்ற வைதீகன் கையில் என்ன சீட்டு இருந்தது? ஒன்றுமில்லை! ஆயினும் உழைப்பு என்னும் உயர்ந்த சீட்டை வைத்திருந்தவன் நூற்றாண்டுக் கணக்கில் அஞ்சிக் கவிழ்த்தான். ஏன்? கேட்பதே பாவம் என்று அவனுக்குக் கற்பித்திருந்தனர்.

சீட்டுக் களத்தில்கூடத் தோற்பவனுக்கு இருந்த உரிமையை, வாழ்க்கைக் களத்தில் மறுத்தவர்கள் அவர்கள். பகுத்தறிவு என்பது வேறொன்றுமில்லை. அந்த உரிமையை மீட்பதுதான். ஜாதகத்தைக் காட்டுபவனிடம் சான்றைக் காட்டு என்க! இழப்பைச் சொல்பவனிடம் கணக்கைக் காட்டு என்க! காட்ட மறுப்பவனோடு ஆட மறுத்து எழுக!