வேகமும் விதியும்

காவிரி பாயும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் ஏர்மாடு இல்லாத ஊரைக் காணலாம்; டிராக்டர் இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஒரு சோடி மாடு நாள் முழுதும் உழுத நிலத்தை அது ஒரு மணி நேரத்திற்குள் உழுது தருகிறது. அறுத்த நெல்லைக் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டு சேர்க்கிறது. வைக்கோலும், கரும்பும், எருவும், செங்கல்லும் அதன் டிரெய்லரில்தான் ஊர் போய்ச் சேருகின்றன. அல்லாஹ் மனிதனுக்கு வசப்படுத்திக் கொடுத்த நிஃமத்துகளில் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

ஆனால் எந்த நிஃமத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. வயலுக்கென்று செய்த இவ்வண்டி, எல்லோருக்கும் பொதுவான தார்ச்சாலையில் ஏறி, பாரத்தோடும் பாட்டுச் சத்தத்தோடும், தன்னால் தாங்க முடியாத வேகத்தில் ஓடுவதை அறுவடைக் காலந்தோறும் பார்க்கிறோம். விபத்து நேர்ந்துவிட்டாலோ, "நஸீபு! மவ்த்துக்கு நேரம் வந்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும்?" என்று ஓட்டியவரும் சொல்கிறார், ஊராரும் சொல்கிறார்கள். இறந்தவர் வீட்டாருக்கு ஆறுதலாகச் சொல்ல வேண்டிய வார்த்தை, ஓட்டியவர் தம் பொறுப்பை இறக்கி வைக்கும் வார்த்தையாக மாறிவிடுகிறது.

ஆகவே ஒரு கேள்வியை இங்கு எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் ஒரே சாலையில், ஒரே பாரத்தோடு, ஒரே வேகத்தில் டிராக்டர் ஓட்டுகிறார்கள். ஒருவர் சுகமாக வீடு போய்ச் சேருகிறார். மற்றவரின் முன்னே சைக்கிளில் ஒரு பையன் வந்துவிடுகிறான், நிறுத்த முடியவில்லை, பையன் இறந்துவிடுகிறான். இரண்டாமவரைக் குற்றவாளி என்கிறோம். முதலாமவர் குற்றமற்றவர்தாமா?

விடை காணுமுன் இவ்வண்டியின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். உழவு டிராக்டரின் வேகம் மணிக்குச் சில கிலோமீட்டர்கள்தான். சாலையில் 30 கிலோமீட்டர் அளவுக்கும், சில வண்டிகள் அதற்கு மேலும் போகும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் உண்டு. அந்தப் பிரேக்குக்கும் இடம், வலம் என்று தனித்தனியே இரண்டு மிதிகள். வயலின் வரப்போரத்தில் சட்டென்று திரும்புவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். சாலைக்கு வரும்போது இரு மிதிகளையும் கொக்கியால் சேர்த்துப் பூட்டிவிட வேண்டும். பூட்டாமல் வேகமாக ஓட்டி, அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் நின்று மற்றொன்று ஓட, வண்டி அந்தப் பக்கமாக இழுத்துக் கவிழ்ந்துவிடும். பின்சக்கரத்திற்கு வில் இல்லை. ஆகையால் பள்ளத்தில் இறங்கினால் வண்டி துள்ளும். பின்னால் இழுபடும் டிரெய்லர்கள் பலவற்றிற்குச் சொந்தமாகப் பிரேக் கிடையாது. டிராக்டர் நிற்க நினைத்தாலும், பல டன் பாரம் பின்னாலிருந்து அதைத் தள்ளும். பின்பாரம் மிகுந்து முன்சக்கரம் இலேசாகிவிட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் இரண்டு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர் கடக்கும் வண்டி, 40 கிலோமீட்டரில் பதினோரு மீட்டர் கடக்கிறது. ஓட்டுபவர் பையனைக் கண்டு காலைத் தூக்கி மிதிப்பதற்குள்ளேயே ஒரு வீட்டின் அகலம் கடந்துவிடும்.

இனி ஷரீஅத் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பொதுப்பாதை என்பது ஒருவருடைய சொத்தன்று. அதில் நடப்பவர் ஒரு வகையில் தம் உரிமையையும், மற்றொரு வகையில் பிறருடைய உரிமையையும் பயன்படுத்துகிறார். ஆகவே பொதுப்பாதையில் செல்வது ஆகுமானதே. ஆனால் பிறருக்குப் பாதுகாப்பு என்ற நிபந்தனையோடு மட்டுமே ஆகுமானது என்று ஹனஃபி மத்ஹபின் 'ஹிதாயா' விளக்குகிறது. தம் வயலுக்குள் ஒருவர் ஓட்டுவதற்கும் சாலையில் ஓட்டுவதற்கும் உள்ள வேற்றுமை இதுதான். வயலில் அவர் உரிமையாளர். சாலையில் அவர் பங்காளி. பங்காளி தம் பங்குக்கு மேல் எடுத்தால் அது யாருடைய பங்கு? எதிரே நடந்து வருகிற, சைக்கிளில் போகிற, மாடு ஓட்டிச் செல்கிற ஏழையின் பங்கல்லவா?

ஷாஃபிஈ மத்ஹபில் மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில் இன்னும் துல்லியமான மஸ்அலாக்கள் உள்ளன. கால்நடையோடு இருப்பவர், அது பகலிலோ இரவிலோ உயிருக்கும் பொருளுக்கும் விளைவிக்கும் சேதத்துக்குப் பொறுப்பாளி ஆவார். வழக்கத்துக்கு மாறானதை விட்டும் அவர் தவிர்ந்துகொள்ள வேண்டும். அதற்கு இமாமவர்கள் கூறும் உதாரணம், சேற்றிலே பிராணியைக் கடுமையாக விரட்டி ஓட்டுவது. மீறினால் அதனால் விளைந்ததற்கு அவர் ஈடு செய்ய வேண்டும். விறகுச் சுமையோடு நெரிசலான கடைத்தெருவில் நுழைந்து சேதம் நேர்ந்தாலும் அவரே பொறுப்பாளி. நெரிசல் இல்லாவிட்டாலும் கண் தெரியாதவரையும், முதுகைக் காட்டிச் செல்பவரையும் அவர் எச்சரித்தாக வேண்டும்.

டிராக்டர் என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சட்டம் இது. எனினும் சேறு, சுமை, நெரிசல், முதுகைக் காட்டிச் செல்பவர் ஆகிய நான்கும் இன்று நம் சாலையில் அப்படியே இருக்கின்றன. கேஜ் வீல் மாட்டியபடியே தார்ச்சாலையில் ஏறி, சாலையையும் பெயர்த்து, சேற்றையும் உதிர்த்துவிட்டுப் போகிறவர்கள், பின்னால் வருகிற இருசக்கர வண்டிக்காரர் அதில் வழுக்கி விழுவாரே என்று எண்ணிப் பார்க்கிறார்களா? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகச் சொன்ன மார்க்கத்தில், இடையூறைப் பாதையில் கொண்டுவந்து போடுவது எதன் கிளையாகும்?

வேகமே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒட்டகங்களை அதட்டி அடிக்கும் சத்தத்தைக் கேட்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அமைதியைக் கடைப்பிடிக்குமாறும், விரைந்து ஓட்டுவதில் நன்மை இல்லை என்றும் மக்களுக்கு உணர்த்தினார்கள். தம் ஒட்டகம் கஸ்வாவின் தலை சேணத்தில் முட்டும் அளவுக்குக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்தார்கள். அதே பயணத்தில் இடைவெளி கண்டபோது வேகமாகவும் சென்றார்கள் என உஸாமா (ரலி) அறிவிக்கிறார்கள். இடமும் கூட்டமும் அறிந்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பதே சுன்னத் என்பது இதிலிருந்து விளங்குகிறது. பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களைப் பாடி விரைவுபடுத்திய அன்ஜஷா (ரலி) அவர்களைப் பார்த்து, கண்ணாடிப் பாத்திரங்களை ஓட்டிச் செல்கிறீர், மெதுவாக என்று தடுத்த செய்தியும் ஸஹீஹான கிரந்தங்களில் உண்டு.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களை டிரெய்லரில் நிறுத்தி ஓட்டுகிறவர்கள் அந்தச் சொல்லை நினைவில் கொள்ள வேண்டாமா? டிரெய்லர் சரக்குக்காக உள்ளது. மனிதர்கள் பிடித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்று திரும்பியவர்களை ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். வேண்டுமென்று செய்யாத கொலைக்கு, கொலை செய்த பாவம் இல்லை. எனினும் அந்நிஸா அத்தியாயத்தின் 92-வது வசனம் அதற்குத் தியத் என்ற நஷ்டஈட்டையும், கஃப்பாராவையும் விதிக்கிறது. விடுதலை செய்ய அடிமை கிடைக்காதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு வைக்க வேண்டும். நம்மோடு உடன்படிக்கையில் வாழும் மாற்றுச் சமயத்தவர் இறந்தாலும் அவ்வாறே என்று அதே வசனம் கூறுகிறது. இந்தப் பொறுப்பு, பையன் மீது மோதியவருக்குத்தான் உண்டு, முதலாமவருக்கு இல்லை. ஏனெனில் ஈடு என்பது இழப்புக்கு உரியது. இழப்பு ஓரிடத்தில்தான் நேர்ந்தது.

ஆனால் ஈடு வேறு, பாவம் வேறு. பிறர் உயிரை ஆபத்தில் வைத்து ஓட்டிய பாவம், சக்கரம் பையனைத் தொட்டபோது தொடங்கவில்லை. பாரத்தை ஏற்றி, கை ஆக்ஸிலேட்டரை இழுத்து வைத்தபோதே தொடங்கிவிட்டது. அதை இருவரும் செய்தார்கள். முதலாமவர் தப்பியது அவருடைய நிதானத்தால் அன்று; சாலையில் அந்த நேரம் யாரும் வராததால்தான். யாரும் வராதது அல்லாஹ்வின் கிருபை. அந்தக் கிருபையைத் தம் திறமை என்று எண்ணி மறுநாள் இன்னும் வேகமாக ஓட்டுகிறவரைப் பற்றி என்ன சொல்வது?

"தவறுதலாக நேர்ந்தது மன்னிக்கப்படும் என்று ஹதீஸில் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். கை தவறுவது தவறுதல். தெரிந்தே வைத்த வேகம் கை தவறியதல்ல, கை வைத்தது. களா கத்ரை நம்புவது ஈமானின் கடமை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன் பிறகு தவக்குல் வைக்கும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பிரேக் மிதிகளைப் பூட்டாதவர் எந்த ஒட்டகத்தைக் கட்டினார்?

இங்கு நியாயமான ஒரு மறுப்பும் உண்டு. "மழை இருட்டிக்கொண்டு வருகிறது. நெல் நனைந்தால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று திருப்பி விடுவார்கள். டிரைவருக்கோ நடைக்கு இவ்வளவு என்று கூலி. மெதுவாகப் போனால் வயிறு எப்படி நிறையும்?" இந்த வேதனையை நாம் அலட்சியம் செய்ய மாட்டோம். ஆனால் கணக்கைப் பார்ப்போம். 10 கிலோமீட்டர் தூரத்தை 20 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க அரை மணி நேரம். 40 கிலோமீட்டரில் கால் மணி நேரம். மிச்சமாவது பதினைந்து நிமிடம். அதன் பிறகு நிலையத்தின் வாசலில் வரிசையில் இரவு முழுதும், சில வேளை நாள் கணக்கிலும் காத்துக் கிடக்கிறோம். மழைக்குத் தார்ப்பாய் பரிகாரம், வேகம் பரிகாரமன்று. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்ற சட்டமும், தன் நஷ்டத்தை நீக்கப் பிறர் உயிரைப் பணயம் வைக்க இடம் தரவில்லை.

நடைக்கூலி என்பது உரிமையாளர் வகுத்த முறை. நடையை எண்ணிக் கூலி கொடுத்துவிட்டு, "மெதுவாகப் போ" என்று வாயால் சொல்வது போதாது. அறுவடைக் காலத்தில் நாட்கூலியாகக் கொடுத்தால் டிரைவரின் அவசரம் பாதி குறையும். பதினைந்து வயதுப் பையன் டிராக்டர் ஓட்டுவதைப் பெருமையாகப் பார்க்கும் தகப்பனார்களுக்கும் ஒரு வார்த்தை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் சாலையில் டிராக்டர் ஓட்டக் கூடாது. 2019-இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் காப்பாளரும் வாகன உரிமையாளருமே குற்றவாளிகளாகக் கருதப்படுவர். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

இது புதிய சிந்தனையன்று. தவறுதலான கொலையின் தியத்தைக் கொலை செய்தவர் அன்று, 'ஆகிலா' எனப்படும் தந்தை வழி உறவினர்கள் சேர்ந்து மூன்றாண்டுகளில் செலுத்த வேண்டும் என்பது ஷாஃபிஈ ஃபிக்ஹு. நம் நாட்டில் அச்சட்டம் நடைமுறையில் இல்லை. எனினும் அதன் உட்கருத்தைக் கவனியுங்கள். பின்னால் பணம் கொடுக்கக் கடமைப்பட்ட சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும், முன்னாலேயே அந்தப் பிள்ளையைத் தடுக்கும் உரிமையும் கடமையும் உண்டல்லவா?

ஆகவே சகோதரர்களே! சாலையில் ஏறுமுன் இரு மிதிகளையும் சேர்த்துப் பூட்டுங்கள். கேஜ் வீலைக் கழற்றுங்கள். டிரெய்லரின் பின்புறம் விளக்கும் சிவப்பு ஒளிர்பட்டையும் இல்லாமல் இரவில் செல்லாதீர்கள். இருட்டில் நிறுத்தியும் வைக்காதீர்கள். அளவோடு பாரம் ஏற்றுங்கள். ஆட்களை ஏற்றாதீர்கள். பள்ளிக்கூடம், கடைத்தெரு, பள்ளிவாசல் அருகே முதுகைக் காட்டிச் செல்பவருக்கும் கேட்கும்படி பாட்டை நிறுத்திவிட்டு ஒலிப்பானைப் பயன்படுத்துங்கள். டிராக்டரின் பின்னால் பொறுமையிழந்து ஒலி எழுப்பி விரட்டும் கார்க்காரர்களும், அவரை அவசரப்படுத்திய பங்கு தமக்கும் உண்டு என்பதை உணர வேண்டும். மஹல்லா ஜமாஅத்தார் அறுவடை தொடங்குமுன் ஒரு ஜும்ஆவிலாவது இதை எடுத்துச் சொல்வது நலம்.

ஒவ்வொரு நாளும் விபத்தின்றி வீடு திரும்பும்போது, "நாம் நிதானமாக ஓட்டியதால் திரும்பினோமா, அல்லது எதிரே யாரும் வராததால் திரும்பினோமா?" என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். வல்ல அல்லாஹ் நம் கைகளாலும், நம் சக்கரங்களாலும் எவருக்கும் தீங்கு நேராமல் காத்து, பாதையின் ஹக்கை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.