எழுதுகோல் யாரை விட்டு உயர்ந்தது?

மதரஸாவில் ஃபிக்ஹு ஓதிய நாட்களில் ‘மஜ்னூன்’ என்ற சொல்லைப் பாடந்தோறும் சந்தித்தோம். புத்தி சுவாதீனம் இழந்தவருக்குத் தொழுகை கடமையில்லை, நோன்பு கடமையில்லை, அவர் செய்யும் வியாபாரம் செல்லாது என்று மனனம் செய்தோம். உறங்குபவர் விழிக்கும் வரை, சிறுவர் பருவமடையும் வரை, பித்துற்றவர் தெளியும் வரை, இம்மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸ் இதற்கு ஆதாரம். கடமை நீங்கிய அந்த மனிதருக்கு உரிமையும் நீங்கிவிடுமா என்று அன்று நம்மில் எவரும் கேட்கவில்லை.

அக்கேள்வியை நம் முன் கொண்டுவந்து வைத்தது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில், அங்கே மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். தர்காவின் பரக்கத்தால் சுகம் கிட்டும் என்று நம்பி உறவினர்கள் அந்த ஊருக்கு அழைத்துவந்தவர்களும் அங்கேதான் அடைக்கலமாயிருந்தனர். மனநலச் சட்டம் ஒன்று 1987-இல் இயற்றப்பட்டு, 1993 முதல் நடைமுறையில் இருந்தும் இது நடந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் வந்ததே 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018-இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுக்கிறது. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது என்கிறது. குடும்பத்தார் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைக் காப்பகத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. வறியவருக்கும் வீடற்றவருக்கும் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசச் சிகிச்சை உரிமை என்கிறது. நோயுற்றால் தமக்கு எவ்விதச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கவும் வழி செய்கிறது.

இவை நமக்குப் புதியனவா? ஸூரத்துன் னிஸாவின் 5-ஆம் வசனத்தைச் சிந்தியுங்கள். விவேகம் குறைந்தவர்களிடம் பொருளை ஒப்படைக்க வேண்டாம் என்று கூறும் இறைவன், அதே வசனத்தில் அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் கனிவாகப் பேசவும் கட்டளையிடுகிறான். மஜ்னூனின் சொத்து அவருடையதே. வலீ அதன் காவலர் மட்டுமே. ஷாஃபியீ மத்ஹபில் அப்பொருளுக்கு ஜகாத்தும் உண்டு. வாரிசுரிமையில் அவர் பங்கு ஓர் அணுவும் குறையாது. “அவனுக்கு எதற்குப் பங்கு?” என்று பாகப்பிரிவினையில் ஒதுக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிவில் சற்றுக் குறையிருந்த ஒரு பெண்மணி, தமக்கு ஒரு தேவை இருப்பதாகப் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்தார். அண்ணலார் அவரைப் பிள்ளையின் பெயர் சொல்லி, இன்னாரின் தாயே என்று மரியாதையுடன் விளித்து, எந்தத் தெருவில் பேசலாம் என்பதை அவரே தேர்ந்துகொள்ளச் சொன்னார்கள். அவர் தேவை தீரும் வரை உடன் நின்றார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்தப் பெண்மணியின் விருப்பமும் அங்கே மதிக்கப்பட்டது.

“கட்டிவைக்காவிட்டால் என் மகன் கிணற்றில் விழுந்துவிடுவானே” என்று ஒரு தாய் அழுதால் என்ன சொல்வது? அந்தத் தாயைப் பழிக்க நமக்கு நாவெழவில்லை. பகலெல்லாம் உழைத்து இரவெல்லாம் விழித்திருக்க ஒருத்தியால் இயலுமா? உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவையான நேரம் மட்டுமே நோயாளியைக் கட்டுப்படுத்திவைக்கலாம் என்று சட்டம் மருத்துவ நிலையங்களுக்கு விதிக்கிறது. ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டி அப்படிச் செய்யக் கூடாது என்றும் கூறுகிறது. அந்தத் தாயின் வீட்டில் இருப்பதும் ஆள் பற்றாக்குறைதானே! வெள்ளிதோறும் நூற்றுக்கணக்கானோர் கூடும் மஹல்லாவில், அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் அமர இருவர் கிடைக்கமாட்டார்களா? மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் செல்ல ஜமாஅத்தில் ஒருவர் இல்லையா?

துஆ ஓதுங்கள், நாம் தடுக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவரும் துஆவைக் கற்றுத்தந்த அதே நபிதான். மருந்தை நிறுத்திவிட்டு ஓதச் சொல்பவரிடம் மட்டும் எச்சரிக்கையாயிருங்கள்.

மனநோயாளி ஒருவர் கொடுமைப்படுத்தப்படுவதாகவோ கைவிடப்பட்டிருப்பதாகவோ அறிபவர் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அண்டைவீட்டாரின் கடமையை வலியுறுத்தும் மார்க்கத்தில் இருக்கும் நமக்கு அதை இன்னொருவர் நினைவூட்ட வேண்டியதில்லை.

எழுதுகோல் அந்த நோயாளியை விட்டு உயர்த்தப்பட்டிருக்கிறது. அவரைக் காண்கிற நம் ஏடுகளில் அது இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. நாளை அந்த ஏடு நம் கையில் தரப்படும்போது, பிணைக்கப்பட்ட ஒருவரைக் கண்டும் காணாமல் சென்ற நாள் அதில் இல்லாதிருக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.