கைபேசிக்குள் இருக்கும் மற்றவர்கள்

2021 அக்டோபர் கடைசியில் ஹைதராபாத்தில் எடுக்கப்பட்ட ஒரு காணொளி நாடெங்கும் பரவியது. பைக்கில் வரும் இளைஞர்களைப் போலீஸ்காரர்கள் சாலையில் நிறுத்துகிறார்கள். வண்டியைச் சோதித்த கையோடு போனையும் வாங்கி, வாட்ஸ்அப்பைத் திறந்து, ‘கஞ்சா’ என்று அடித்துத் தேடுகிறார்கள். கஞ்சாவை ஒழித்தாக வேண்டும் என்று தெலங்கானாவின் அன்றைய முதலமைச்சர் கே. சந்திரசேகர ராவ் அப்போதுதான் காவல்துறைக்கு உத்தரவிட்டிருந்தார். கண்டனம் எழுந்ததும் தெற்கு மண்டலத் துணை ஆணையர் விளக்கம் தந்தார். யாரையும் வற்புறுத்தவில்லை, போனைப் பிடுங்கவில்லை, மக்கள் ஒத்துழைக்கிறார்கள், எவரும் புகார் சொல்லவில்லை. ஆகவே இதில் சட்டவிரோதம் இருப்பதாகத் தோன்றவில்லை என்றார்.

இந்தப் பதிலைக் கேலி செய்துவிட்டுப் போவது எளிது. லத்தியோடு நிற்பவர் கேட்கும்போது நீட்டப்படும் போனை ‘ஒத்துழைப்பு’ என்று எப்படிச் சொல்வது என்று கேட்டால் போதும், பாதி வாதம் சரிந்துவிடும். வண்டியின் ஆர்.சி.யும் சாவியும் அவர் கையில் இருக்க, வேலைக்கு நேரமாகிக்கொண்டிருக்க, ‘மாட்டேன்’ என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? மேற்கே ஹைடெக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு வெளியே இப்படிப் போனை வாங்கிப் பார்ப்பார்களா என்றும் கேட்க வேண்டும். தெற்கு மண்டலம் என்பது பெரும்பாலும் பழைய நகரம்.

ஆனாலும் அந்தப் பதிலின் உள்ளே இருக்கும் நம்பிக்கை பலருக்கும் உண்டு: சம்மதம் உண்மையானதாக இருந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அதை வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். நிறுத்தப்பட்ட இளைஞனுக்குப் பயமே இல்லை. கஞ்சாவை அவனும் வெறுக்கிறான். ‘தாராளமாகப் பாருங்கள் சார், மறைக்க என்ன இருக்கிறது’ என்று சிரித்த முகத்தோடு கொடுக்கிறான். இப்போதாவது அந்தச் சோதனை நியாயமாகிவிடுமா?

ஆகாது. அவனிடம் மறைக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அந்தப் போனில் பேசியிருப்பவன் அவன் மட்டுமில்லையே. அக்கா கணவன் வீட்டில் படும் பாட்டை எழுதியிருப்பாள். நண்பன் கடன் கேட்டுக் கெஞ்சியிருப்பான். அம்மாவின் மருத்துவப் பரிசோதனை முடிவு இருக்கும். வேறு மதத்துப் பெண்ணைக் காதலிக்கும் ஒருவன், வீட்டுக்குத் தெரியாததை இவனிடம் மட்டும் சொல்லியிருப்பான். இவர்களில் ஒருவரும் அந்தச் சாலையில் இல்லை. ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. நம்பி ஒப்படைத்த நகையை, ‘என் வீட்டுப் பெட்டிதானே’ என்று சொல்லித் திறந்து காட்டுவதைப் போன்றது அந்தத் தாராளம். பெட்டி அவனுடையது என்பதில் சந்தேகமில்லை.

போதைப்பொருள் தடுப்புச் சட்டமே இந்த இடத்தில் ஒரு விசித்திரத்தைக் காட்டுகிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி, உடலைச் சோதிக்கும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் சோதிக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை சந்தேக நபருக்கு உண்டு. அந்த உரிமை இருப்பதை அவருக்கு எடுத்துச் சொல்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2010-இல் சொன்னது. பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம் என்பதும் அதே பிரிவில் உள்ளது. சட்டைப் பையில் கைவிட இத்தனை கட்டுப்பாடு. அந்தப் பையில் இருக்கும் போனுக்குள் அண்ணனுக்குத் தங்கை அனுப்பிய படங்களும் இருக்கும். அவற்றை ஒரு ஆண் காவலர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது, சட்டம் எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்த அந்தக் கூச்சம் எங்கே போனது? 1985-இல் இப்படி ஒரு கருவியை யாரும் நினைத்திருக்க முடியாது என்பது உண்மைதான். 2021-இல் நினைத்திருக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-லேயே, கைதானவரின் போனைக்கூடப் பொதுவாக வாரண்ட் இல்லாமல் துழாவக் கூடாது என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். அதில் அரசு தலையிடச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு ஏற்ற அளவு வேண்டும். போகிற வருகிறவர்களின் உரையாடலில் ஒரு சொல்லைத் தேடுவது மூன்றாவது படியிலேயே தடுக்கி விழும்.

எதிர்த் தரப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 2013 பிப்ரவரி 21 மாலை தில்சுக்நகரில் அடுத்தடுத்து இரண்டு குண்டுகள் வெடித்த நகரம் இது. அதே ஆண்டு, மக்கள் கூடும் நிறுவனங்கள் கேமரா வைத்தாக வேண்டும் என்று தனிச் சட்டமே வந்தது; அதை எதிர்த்துப் பெரிய குரல் எழாததற்குப் பயம் மட்டும் காரணமில்லை, துக்கமும் காரணம். கஞ்சாவுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் அந்தரங்கத்தைப் பற்றி வகுப்பெடுக்க முடியாது. நம் மரபும் முழுக்க நமக்குத் துணை வராது. எல்லாரிடத்தும் நடப்பதையெல்லாம் உடனுக்குடன் அறிவது வேந்தன் தொழில் என்பதுதான் ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் கருத்து. ஆனால் அதே அதிகாரம் ஒற்றன் கொண்டுவந்த சேதியை அப்படியே நம்பாதே, ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால்தான் தெளிக என்றும் கூறுகிறது. ‘கஞ்சா’ என்ற சொல் இருந்தது என்பதை வைத்து ஒருவனை ஓரமாக நிற்க வைப்பவர் அந்த இரண்டாம் பாதியைப் படிக்கவில்லை. கேலிக்கு எழுதியதா, செய்தி இணைப்பா, ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று மாமா திட்டியதா? தேடுபொறிக்கு எல்லாம் ஒன்றுதான்.

போன் வைத்திருப்பவரின் சம்மதம் போதாது என்பது தத்துவவாதிகள் கண்டுபிடித்த நுணுக்கம் என்று தோன்றலாம். இதே நகரம் அதை மிகக் கசப்பான வழியில், பத்து மாதங்களுக்கு முன்புதான் கற்றிருந்தது. 2020 டிசம்பரில் உடனடிக் கடன் செயலிகளின் விவகாரம் ஹைதராபாத்திலும் சைபராபாத்திலும் வெடித்தது. ஊரடங்கில் வருமானம் போனவர்கள் சில ஆயிரம் ரூபாய்க்காக ஒரு செயலியை இறக்குவார்கள். அது தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கும். பணத் தேவையில் இருப்பவர் ‘சரி’ என்று அழுத்துவார். தவணை தவறியதும் அழைப்பு அவருக்கு மட்டும் வராது. அலுவலக மேலாளருக்கு, மாமனாருக்கு, என்றோ எண்ணைக் குறித்துவைத்த பள்ளித் தோழிக்கு எல்லாம் ‘இவர் மோசடிக்காரர்’ என்று படத்தோடு செய்தி போகும். தெலங்கானாவில் அந்த அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. அப்போது கால் சென்டர்களில் புகுந்து ஆட்களைக் கைது செய்தது இதே ஹைதராபாத் போலீஸ்தான். அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு ரிசர்வ் வங்கி ஒரு பணிக்குழுவை அமைத்தது. 2022 செப்டம்பரில் அந்த வங்கி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றைத் தொடவே கூடாது என்று இருக்கிறது. கேமரா, இருப்பிடம் போன்றவற்றுக்குக் கடன் வாங்குபவரின் சம்மதத்தோடு ஒரு முறை இடம் உண்டு. தொடர்புப் பட்டியலுக்கு அந்தச் சலுகை கிடையாது. ‘அவர்தானே அனுமதி கொடுத்தார்’ என்ற வாதத்துக்கே அங்கு இடமில்லை. முகம் அவருடையது, நிற்கும் இடம் அவருடையது, கொடுக்கலாம். மற்றவர்களின் எண்களைக் கொடுக்க அவர் யார் என்ற எண்ணம் இல்லாமல் இந்த வித்தியாசம் வந்திருக்காது. கடன் கொடுப்பவருக்குப் பொருந்தும் இந்த நியாயம் காக்கிக்கு ஏன் பொருந்தாது என்று கேட்டால், ‘அது வேறு, இது வேறு’ என்பார்கள். வேறுதான்: கடன் செயலியை நீக்கிவிடலாம்.

நேர்மையாகப் பார்த்தால் விரல் நம் பக்கமும் திரும்ப வேண்டும். அந்தக் காணொளியைப் பார்த்துக் கொதித்தவர்களில் எத்தனை பேர் அன்றே ஏதோ ஒரு விளையாட்டுக்கோ புகைப்படச் செயலிக்கோ தொடர்புப் பட்டியலைத் திறந்துவிட்டிருப்பார்கள்? குடும்பக் குழுவில் வந்த குழந்தையின் படத்தை அலுவலகக் குழுவுக்கு அனுப்புவது, தோழி அழுதுகொண்டே அனுப்பிய குரல்பதிவை ‘இதைக் கேளேன்’ என்று இன்னொருத்தியைக் கேட்க வைப்பது, இதையெல்லாம் நாம் தவறாகக்கூட எண்ணுவதில்லை, பழக்கமாகிவிட்டது. சாலையில் நிறுத்தப்பட்டவனைக் குறை சொல்வதில் நியாயமில்லை; அங்கே மறுக்கும்படி அவனைக் கேட்பது வீரத்தைக் கேட்பது, தவறு கேட்டவருடையது. வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி ‘அனுமதி’ பொத்தானை அழுத்துபவருக்கு அந்தச் சாக்கு இல்லை. யாரும் லத்தி பிடித்து நிற்கவில்லை.

அப்படியானால் பிறர் சொன்னதைப் பற்றி எந்நாளும் வாய் திறக்கக் கூடாதா? நண்பன் நள்ளிரவில் ‘இனி வாழப் பிடிக்கவில்லை’ என்று எழுதினால், அதை அவன் அண்ணனிடம் காட்டாமல் இருப்பதுதான் குற்றம். ஒருத்தியைத் துன்புறுத்தத் திட்டமிடும் குழுவில் இருப்பவன் அதைக் காவல் நிலையத்தில் காட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டு பேரும் ஒரு செய்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், யாரிடம் எதற்காகக் காட்டுகிறோம் என்று தெரிந்து காட்டுகிறார்கள், பிறகு சம்பந்தப்பட்டவர் வந்து கேட்டால் ‘ஆமாம், நான்தான் சொன்னேன், இதனால் சொன்னேன்’ என்று பதில் சொல்லும் நிலையில் இருக்கிறார்கள். பைக்கை நிறுத்திவிட்டுப் போனை நீட்டியவனிடம் அக்கா வந்து கேட்டால் அவனால் என்ன சொல்ல முடியும்? எதைப் படித்தார்கள், எதைப் படமெடுத்தார்கள், அது இப்போது யார் போனில் இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாது.