அம்மா கையை எடுத்த காட்சி

எங்கள் அப்பாயி வாயில் அடிக்கடி வரும் சொலவடை ஒன்று உண்டு. "பொம்பள சிரிச்சா போச்சு, பொகையில விரிச்சா போச்சு." விரித்துப் போட்ட புகையிலை காரம் போய்ச் சருகாகிவிடும், வாய்விட்டுச் சிரித்த பெண்ணும் அப்படித்தான் என்பது அதற்குப் பொருள். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே சொல்வாள். யாரையும் பார்த்துச் சொல்ல மாட்டாள். ஆனாலும் அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கும் சித்திக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும்.

அம்மா இருபது வயதில் அந்த வீட்டுக்கு வாழ வந்தவள். சிரிப்பு வந்தால் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வாள். தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் முட்டும், சத்தம் மட்டும் வராது. பெண்கள் சிரிப்பதே அப்படித்தான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஆம்பளைகளுக்குச் சிரித்தால் சத்தம் வரும், பொம்பளைகளுக்குத் தோள் ஆடும்.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர். பக்கத்து ஊரில் ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டுப் போட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். வயல் வரப்பில் ஓடுவோம். உள்ளே ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவு மண் சுவர். தரை டிக்கெட்டுக்கு மணல். முன்னால் உயரமானவர்கள் யாராவது உட்கார்ந்துவிட்டால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவோம். 1968இல் வெளியான 'தில்லானா மோகனாம்பாள்' எங்கள் கொட்டகைக்கு வந்தபோது பத்து வருடம் ஆகியிருந்தது. எனக்கு எட்டு வயது.

சிவாஜிக்காகத்தான் எல்லோரும் போனார்கள். அப்பா நாயனத்துக்காகவே போனார். படம் பாதி போன பிறகு மனோரமா ஜில் ஜில் ரமாமணியாக வந்தார். நாடகக் கம்பெனி நடிகை, ஊர் ஊராய் ஆடிப் பிழைக்கிறவள். அவள் நடையிலேயே தாளம் இருந்தது. சிக்கல் சண்முகசுந்தரம் என்ற அவ்வளவு பெரிய வித்வானிடம் அவருடைய நாயனத்தைப் பற்றி வெள்ளந்தியாக ஒரு கேள்வி கேட்பாள். கேலி கிடையாது, அறியாமையைக் காட்டி நம்மைச் சிரிக்க வைக்கும் தந்திரமும் கிடையாது. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் கேட்கும் கேள்வி. வித்வான் வாய் அடைத்துப்போய்ச் சிரிப்பார்.

பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மா. முந்தானை மடியில் கிடந்தது. இரண்டு கையையும் பின்னால் மணலில் ஊன்றிக்கொண்டு, தலையைச் சாய்த்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கொஞ்சம் கரகரத்த, அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். சித்தியும் சிரித்தாள், மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். மண் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருந்தார், ஊர்ப் பெரியவர்கள் இருந்தார்கள். இருட்டில் யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு நான் மனோரமாவின் ரசிகை ஆனேன். இன்றைக்கு ஐம்பத்தைந்து வயதாகிறது. இன்னமும் அப்படித்தான்.

ரசிகை என்று சொன்னால் நம் ஊரில் அதற்கு ஓர் உருவம் கிடையாது. ரசிகனுக்கு மன்றம் இருக்கிறது, கட்அவுட் இருக்கிறது, முதல் நாள் முதல் காட்சி இருக்கிறது. மனோரமாவைக் கொண்டாடிய பெண்கள் எந்த மன்றத்திலும் சேரவில்லை. அவர்கள் கொண்டாட்டம் ஆட்டுக்கல் பக்கத்தில் நடந்தது. மாவு ஆட்டிக்கொண்டே சித்தி ஜில் ஜில் மாதிரி கழுத்தை வெட்டிப் பேசிக் காட்டுவாள், அம்மா மாவைத் தள்ளிவிட்டபடி பதில் சொல்வாள். அப்பாயி திண்ணையிலிருந்து இருமினால் இரண்டு பேரும் நிறுத்திக்கொள்வார்கள்.

மனோரமா மன்னார்குடியில் பிறந்தவர் என்பதால் அம்மாவுக்கு அவரிடம் தனிச் சொந்தம். 1937இல் கோபிசாந்தாவாகப் பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் தாய் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்குப் போனார். அங்கே வீட்டு வேலை செய்து மகளை வளர்த்தார். மகள் பாட்டுப் பாடுவாள், பேசுவாள், நாடக மேடையில் ஏறினாள். 'பள்ளத்தூர் பாப்பா' என்று பேர் வந்தது. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர் பிரிந்துபோக, கைக்குழந்தையோடு மறுபடியும் மேடைக்குத்தான் வந்தார். 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் சினிமாவுக்குள் நுழைந்தபோது கிடைத்தது நகைச்சுவை வேடம். கதாநாயகி என்றால் நாலு வருடம், இது என்றால் கடைசிவரை நிற்கலாம் என்று கவிஞர் சொன்னதாக அவரே பலமுறை பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியாகவும் நடித்தார். ஆனால் கவிஞர் சொன்னதுதான் நடந்தது. ஆயிரம் படங்களைத் தாண்டிக் கின்னஸில் பேர் வந்தது, 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1986இல் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்' படத்துக் கண்ணம்மா. அந்த வீட்டின் வேலைக்காரி. வீட்டுக்குள் அப்பனும் மகனும் கோடு கிழித்துக்கொண்டு வாழ்கிற கதையில், எது நியாயம் என்று தெரிந்து வாய் திறக்கிற தைரியம் அவளுக்குத்தான் இருக்கும். படித்தவர்கள் தீர்க்க முடியாததை அவள் தெருச் சண்டைப் பேச்சில் தீர்த்துவைப்பாள். வீட்டு வேலை செய்து தன்னை வளர்த்த தாயின் கையையும் இடுப்பையும் பார்த்து வளர்ந்த மகள், அந்த வேலைக்காரிக்குக் கொடுத்த மரியாதை அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அழுது காட்டியிருந்தால் நாம் இரக்கப்பட்டிருப்போம், அடுத்த காட்சியில் மறந்திருப்போம். அவர் சிரிக்க வைத்தார், கண்ணம்மா கூடவே இருக்கிறாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் அக்கா ஏதாவது பட்டென்று சொன்னால், இப்போதும் ஆசிரியர் அறையில் "கண்ணம்மா" என்றுதான் சொல்லிக்கொள்வோம்.

எல்லாக் காட்சியையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அன்றைய நகைச்சுவையில் பாதிக்குமேல் பெண்ணின் நிறத்தையும் பல்லையும் பருமனையும் வைத்துப் பின்னியது. அந்தச் சோற்றைத்தான் நகைச்சுவை நடிகைகளும் தின்ன வேண்டியிருந்தது. சில காட்சிகள் டிவியில் வந்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் 'சின்ன கவுண்டர்' படத்தில் துருத்திய பல்லைக் கட்டிக்கொண்டு அவர் வந்தபோது நடந்தது வேறு. முதல் ஐந்து நிமிடம் அந்தப் பல்லைப் பார்த்துச் சிரித்தோம். பிறகு பல் கண்ணில் படவே இல்லை, ஒரு தாய் மட்டும் தெரிந்தாள். கோவை சரளா 'சதிலீலாவதி'யில் கொங்குப் பேச்சில் கமலுக்கு மனைவியாக நின்றபோதும் எனக்கு அதே சந்தோஷம். நகைச்சுவை நடிகை என்றால் கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்ததே, அது அந்தப் படத்தில் உடைந்தது.

ஜில் ஜில் நாடக மேடையில் ஆடும் பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் எல்.ஆர். ஈஸ்வரி என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது உடம்பு சிலிர்த்தது. அம்மா கையை எடுத்த அந்த இரவில் திரையில் ஒருத்தி, திரைக்குப் பின்னால் இன்னொருத்தி என்று இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள்.

ஈஸ்வரியின் அம்மா கோரஸ் பாடகி. அவர் பின்னால் ஸ்டுடியோவுக்குப் போய், கோரஸில் நின்று, அங்கிருந்து தனிப்பாட்டுக்கு வந்தவர். சிரிப்பையும் பாட்டாகப் பாடிய குரல் அது. நடுவில் சிரிப்பார், விக்குவார், கூவுவார், பெருமூச்சு விடுவார். எல்லா வாத்தியங்களும் ஒரே அறையில் கூடி ஒரே மூச்சில் பதிவு செய்த காலம். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. அந்தச் சிரிப்பு தாளத்துக்கு உள்ளே, மிகச் சரியான மாத்திரையில் விழுந்தாக வேண்டும். எத்தனை பெரிய கச்சேரி வித்வானுக்கும் சவாலான கணக்கு. ஆனால் அதற்கு யாரும் வித்வத் என்று பேர் வைக்கவில்லை, காபரேப் பாட்டு என்றே ஒதுக்கினார்கள்.

இலங்கை வானொலியில் அந்தக் குரல் வந்தால் எங்கள் அப்பா ரேடியோவின் காதைத் திருகுவார். பெண் பிள்ளைகள் இருக்கிற வீடு என்பது அவர் கவலை. ஆடி மாதம் வந்தால் மாரியம்மன் கோயில் புளியமரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு ஊரை எழுப்பும் குரல் அவருடையதுதான். லூர்து மேரி என்று பேர் வைக்கப்பட்டு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர், அம்மனைக் கூப்பிடும் குரலாக ஊர் ஊருக்கு நிலைத்துவிட்டார். அப்பா குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு, அந்தக் குரலைக் கேட்டுக் கிழக்கே பார்த்துக் கைகூப்பி நிற்பார். இரண்டும் ஒரே குரல் என்று அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. அம்மாவுக்குத் தெரியும். கூழ்ப்பானையைக் கிண்டிக்கொண்டே அந்தச் சுழிப்புகளை முணுமுணுப்பாள். வருடத்தில் அந்த ஒரு மாதம் ஈஸ்வரியை யாரும் குறைக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அப்பாயியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோது ஒரு நாள் மதியம் தானாகவே பேசினாள். "மதுரம் பேசி நீ கேட்டதில்லையே. கிருஷ்ணன் ஒண்ணு சொன்னா அவ ரெண்டு சொல்லுவா." கலைவாணரும் டி.ஏ. மதுரமும் பேச்சும் பாட்டுமாகத் திரையில் வாதாடிய காலம் அப்பாயிக்கு இளவயது. 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் கைதாகி 1947இல் வெளியே வரும்வரை, வழக்கையும் குடும்பத்தையும் மதுரம் தாங்கி நின்றதை அப்பாயி ஏதோ எதிர்வீட்டுக் கதை மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு, பல்லில்லாத வாயால் ஒரு மெட்டை இழுத்தாள். கால் கட்டைவிரல் போர்வைக்குள் தாளம் போட்டது. சொலவடை சொன்ன அதே வாய். அவளும் ஒருத்தியின் ரசிகையாக இருந்திருக்கிறாள், அறுபது வருடம் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

ஒரு பெண் எவ்வளவு சத்தத்தோடு வாழலாம் என்ற கேள்வி எனக்குள் அன்றிலிருந்துதான் சுற்றுகிறது. நான் அதைக் கடந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். படித்தேன், வேலைக்குப் போனேன், முப்பது வருடமாகக் கணக்கு டீச்சர்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மதியம். ஒன்பதாம் வகுப்பு, சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீரியட். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு. அடக்கிய சிரிப்பாக இல்லை, அறை முழுக்க உருண்டு வந்தது. திரும்பாமலே சொன்னேன்: "பொம்பளப் புள்ளைக்கு என்ன அப்படி ஒரு சிரிப்பு?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் வலது கையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் இரண்டு தடவை குலுங்கி நின்றது. துப்பட்டாவுக்குப் பதில் முந்தானை இருந்திருந்தால் அது எங்கள் அடுப்படி.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது வருடம் மனோரமாவைக் கொண்டாடியவள் நான். அவருக்காகச் சண்டை போட்டிருக்கிறேன், 2015 அக்டோபரில் அவர் போன பிறகு ஒரு நாள் வகுப்பு எடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். செய்தி வந்த காலையில் அம்மா போன் செய்து, "ஆச்சி போயிட்டாங்களாம்டி" என்று சொல்லிவிட்டு, வேறு எதுவும் பேசாமல் வைத்துவிட்டாள். இவ்வளவு நேசித்தும், ஒரு குழந்தை வாய்விட்டுச் சிரித்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது திண்ணைக் குரல். ஒருவரை ரசிப்பது என்றால் அவர் திறந்துவிட்ட கதவை அடுத்தவளுக்குச் சாத்தாமலாவது இருக்க வேண்டும். அது எனக்கு அந்த ராத்திரிதான் உறைத்தது.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். முழித்தாள். எதற்குச் சிரித்தாய் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, அவள் வரும் டவுன் பஸ் கண்டக்டர் சில்லறை கேட்பதைச் செய்து காட்டினாள். விசிலை வாயில் வைத்துக்கொண்டே அவர் பேசுவது, விசிலுக்குள்ளேயே திட்டுவது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன், என் கை என் வாய்க்கு வந்திருந்தது. எப்போது வந்ததென்றே தெரியவில்லை. எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இன்னொரு வாட்டி செய்" என்றேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பது. காது மந்தமாகிவிட்டது. போன வாரம் ஊருக்குப் போனபோது டிவியில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. வாசல்வரை கேட்டது. சித்தியும் வந்து உட்கார்ந்திருந்தாள். ஜில் ஜில் வருகிற நேரத்துக்கு இரண்டு பேரும் வசனத்தைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று நான் ரிமோட்டை எடுத்தேன்.

"குறைக்காதடி" என்றாள் அம்மா.