நயினாதீவுக்குப் போவோரும் நெடுந்தீவுக்குப் போவோரும்

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் படகு போகிறது, நெடுந்தீவுக்கும் போகிறது. முன்னது கால் மணி நேரத்தை ஒட்டிய ஓட்டம். பின்னதற்குக் கடல் அடங்கியிருந்தாலும் ஒரு மணி நேரம் பிடிக்கும். நயினாதீவுப் படகில் ஏறுவோரின் கையில் அர்ச்சனைச் சாமானோ விகாரைக்கான தாமரையோ இருக்கும். நெடுந்தீவுப் படகில் ஊர்ச்சனத்தோடு நெருக்கியடித்து ஏறும் வெளியாளிடம் பெரும்பாலும் இருப்பது கமரா. ஒருவரை யாத்திரிகர் என்றும் மற்றவரைச் சுற்றுலாப் பயணி என்றும் சொல்லிவிடுவது வழக்கம். அந்த வேறுபாடு எதில் இருக்கிறது: போகும் இடத்திலா, போகிறவரின் மனத்திலா, அங்கே அவர் செய்வதிலா?

சைவ மரபு மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்தே சொல்லும். தலத்துக்குத் தனக்கென ஒரு பெருமை உண்டு. யார் கால் வைத்தாலும் அது குறையாது என்பது இதன் உட்பொருள். நயினாதீவின் தலக்கதையும் இதையே சொல்கிறது. அங்குள்ள நாகபூஷணி அம்பாளுக்குப் பூவைக் கவ்விக்கொண்டு கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்தது. அவ்வழியே வந்த வணிகன் ஒருவன் இடைபுகுந்து நாகத்தைக் காத்தான். பாம்பு சுற்றிய கல், கருடன் இருந்த கல் என்று இரண்டு பாறைகள் இன்றும் கடலுக்குள் காட்டப்படுகின்றன. ஆனி மாதத் திருவிழாவுக்கு வருகிறவர் அந்தக் கற்களை ஆராய வருவதில்லை. பிள்ளை பிறந்தால், நோய் தீர்ந்தால், வெளிநாடு போன மகன் சுகமாக இருந்தால் என்று வைத்த நேர்த்தியைக் கழிக்க வருகிறார்.

தலத்துக்கே பெருமை என்பதற்கு எதிர்க்குரலும் சைவத்துக்குள்ளேயே எழுந்தது. ஈசன் எங்கும் உள்ளான் என்று உணராதவன் கங்கையில் மூழ்கினாலும் காவிரியில் மூழ்கினாலும் பயனில்லை என்று பாடியவர் அப்பர். அதே அப்பர்தான் வாழ்நாள் முழுவதும் தலம் தலமாக நடந்தவரும். உடல் தேயக் கயிலைக்குத் தவழ்ந்து சென்றவரை ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழவைத்து, கயிலைக் காட்சியை அங்கேயே இறைவன் காட்டியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. தூர இடம் தேவையில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் அந்தக் காட்சி நடக்காமல் வீட்டில் இருந்தவருக்குக் கிடைக்கவில்லை. நடந்து நடந்து கால் ஓய்ந்தவருக்கே கிடைத்தது. இந்த இரண்டையும் சைவம் பிரிக்காமலே வைத்திருக்கிறது, அதுவே சரியும்கூட.

பௌத்தத்தில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. செயலின் தரத்தை எண்ணமே தீர்மானிக்கும் என்பது அச்சமயத்தின் அடிப்படை. அப்படியானால் ஓர் இடத்துக்கு என்ன வேலை? மகாவம்சத்தின் முதல் அதிகாரம் நாகதீபக் கதையைச் சொல்கிறது. ஞானம் பெற்ற ஐந்தாம் ஆண்டில் புத்தர் அங்கு வந்து, மணி ஆசனத்துக்காகப் போரிட்ட மகோதரன், சூலோதரன் என்ற நாக அரசர்களைச் சமாதானப்படுத்துகிறார். அவர்கள் ஆசனத்தை அவருக்கே அளிக்க, அவர் அதையும் நிழல் தந்த மரத்தையும் அவர்களே வணங்கும்படி விட்டுச் செல்கிறார். சண்டைக்குக் காரணமான பொருளே வழிபாட்டுக்கு உரியதாகிறது. அந்த நாகதீபம் இதுவே என்ற நம்பிக்கையில்தான் தென்னிலங்கையிலிருந்து பெருந்திரளானோர், குறிப்பாக 2009இல் போர் முடிந்த பிறகு, நயினாதீவு நாகவிகாரைக்கு வருகிறார்கள்.

மணிமேகலைக் காப்பியத்தில் இக்கதையின் இன்னொரு வடிவம் மணிபல்லவத் தீவில் நிகழ்கிறது. மணிபல்லவம் நயினாதீவே என்று ஈழத்தில் பலர் கொள்வர். ஆய்வாளர் எல்லோரும் ஒப்பவில்லை. இங்கு முக்கியமானது வேறு. மணிமேகலை யாத்திரை போகவில்லை. உறக்கத்தில் தெய்வம் அவளை எடுத்துச் சென்று மணலில் கிடத்துகிறது. விழித்தவள் தனியே அலைந்து, புத்த பீடிகையைக் கண்டதும் முற்பிறப்பை அறிகிறாள். எண்ணமே முதன்மை என்னும் சமயத்தின் காப்பியம், எண்ணம் ஏதுமின்றி வந்தவளிடம் இடம் வேலை செய்ததாகக் காட்டுகிறது. அதற்கு மாறான ஒரு பாத்திரமும் அதே காப்பியத்தில் உண்டு. அள்ளக் குறையாத அமுதசுரபியோடு வந்த ஆபுத்திரனைக் கப்பல் தவறுதலாக அத்தீவில் விட்டுப் போய்விடுகிறது. ஊட்டுவதற்கு ஆளில்லாத இடத்தில் பாத்திரம் எதற்கு என்று கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு அவன் உண்ணாமல் உயிர் விடுகிறான். தலம் புனிதமானதுதான், ஆனால் சனம் இல்லாத தலம் அவனுக்குப் போதவில்லை. நாகபூஷணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர் வைத்தவர்கள் இதை நன்கு புரிந்துகொண்டவர்கள் என்றே சொல்லவேண்டும்.

அக்கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு; கா. இந்திரபாலா 1960களில் அதைப் பதிப்பித்தார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வரும் பரதேசிகளைக் காக்கவேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மீதி உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் பாதிக்குப் பாதி. நேர்த்திக்கு வந்தவர் அக்கல்லைப் பாராமல் கடந்து போவார். வரலாறு படித்தவர் அதைத் தேடியே வருவார், சில நேரம் மூலஸ்தானத்தை மறந்து. ஆனாலும் கோயிலுக்குள் போவதென்றால் இருவரும் செருப்பைக் கழற்றவேண்டும், ஆண் என்றால் மேற்சட்டையையும். உள்ளே இருப்பதை நம்பாதவரும் அந்த இடத்தின் ஒழுங்குக்குள் வந்துதான் ஆகவேண்டும்.

நெடுந்தீவில் அத்தகைய ஒழுங்கு எதுவும் வெளியாளைப் பிடிப்பதில்லை. பவளக்கல் மதில்கள், ஒல்லாந்தர் விட்டுப்போன புறாக்கூடு, பெருக்குமரம், வெட்டையில் மேயும் குதிரைகள் என்று முச்சக்கரவண்டியில் ஒரு சுற்று முடிந்து, பின்னேரப் படகுக்கு முன் எல்லாம் பார்த்தாகிவிடும். வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடத்தின் கற்குவியல்களைப் பௌத்தத் தூபிகளின் எச்சம் என்பர் தொல்லியலாளர். ஊரின் கதையோ வேறு: ஈழத்துக் கண்ணகி கதையில் சிலம்புக்கு நாகமணி தேடிக் கடலோடிய மீகாமனை எதிர்த்து நின்ற அரசன் வெடியரசன். மீகாமன் பெயரிலும் அங்கு ஒரு கோட்டை உண்டு. வளரும் கல் என்று ஊர் நம்பும் கல்லும் அதே சுற்றில் ஒரு நிறுத்தம்தான். வண்டிக்காரர் காட்டுவார், வந்தவர் படம் எடுப்பார்.

தென் பிரான்சின் கோங்க் என்ற சிறு கிராமத்தில் யாத்திரையும் சுற்றுலாவும் ஒரே பாதையில் நடக்கின்றன. ஸ்பெயினின் சந்தியாகு தலத்துக்குப் போகும் இடைக்கால யாத்திரை வழியில் அது ஒரு தங்குமிடம்; புனித ஃபோவாவின் தேவாலயம் அங்குள்ளது. இன்று அதே வழி நெடுநடைப் பாதையாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது. முதுகில் பையோடு வருபவரில் யார் வேண்டுதலுக்கு நடக்கிறார், யார் உடற்பயிற்சிக்கு நடக்கிறார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பலருக்குத் தாங்களே தெளிவாகச் சொல்ல வராது. மனத்தை வைத்துப் பிரிப்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல்.

ஆகவே, பிரிப்பதானால் கடனை வைத்துப் பிரிப்பதே பொருந்தும். யாத்திரிகர் போகும் இடத்துக்கு ஏதோ கொடுக்கக் கடமைப்பட்டவராக வருகிறார்; நேர்த்திக்கடன் என்ற வழக்கு அதைத்தான் சொல்கிறது. சுற்றுலாப் பயணி பணம் செலுத்திக் கணக்கை முடித்துவிட்டு வருகிறார். பணம் இழிவானதல்ல, நெடுந்தீவின் வண்டிக்காரருக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் அது வேண்டும். ஆனால் நல்ல தண்ணீருக்கு இன்றும் கஷ்டப்படும் தீவில், கரையில் எறியப்படும் பிளாத்திக்குப் போத்தல் யார் கணக்கில் சேரும் என்பதற்குச் சுற்றுலாவின் பேரேட்டில் பக்கம் இல்லை. யாத்திரிகரும் போத்தல் எறிவார்தான். அவரைக் கண்டிக்க அம்மன் பெயரைச் சொல்லலாம், அவ்வளவே வித்தியாசம்.

இந்த அளவுகோலையும் சோதிக்கும் ஒரு தீவு உண்டு. நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் கீழ் வரும் கச்சதீவில் குடியிருப்பு இல்லை, குடிதண்ணீரும் இல்லை. தவக்காலத்தை ஒட்டி நடக்கும் அந்தோனியார் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் படகுகள் வருகின்றன. முதல் நாள் மாலை கொடியேற்றமும் சிலுவைப்பாதையும், மறுநாள் காலை திருப்பலி, அதோடு தீவு காலியாகிவிடும். அங்கே வருகிறவரின் கடன் கல்லுக்கோ ஊருக்கோ அல்ல. கடலில் உயிர் காத்த அந்தோனியாருக்கும், எல்லைக் கோட்டுக்கு அப்பாலிருந்து வந்து பக்கத்தில் முழந்தாளிடும் மற்ற மீனவருக்கும்.