நூறு சதவீதம், ஒரே ஆள்

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் மோனோவாய் என்று ஓர் ஊர். 2010 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 1. இனவாரியாக, வெள்ளையர் 100 சதவீதம். அந்த ஒரே பாட்டிதான் மேயர், எழுத்தர், பொருளாளர் எல்லாம். ஊரில் இருக்கும் மதுக்கடையும் அவருடையதே. உரிமத்துக்கு விண்ணப்பிப்பவரும் அவர், கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவரும் அவர். 1930களில் 150 பேர் இருந்த ஊர் அது. பிள்ளைகள் பிழைப்பைத் தேடிப் போய்விட, 2000-இல் கணவனும் மனைவியும் மட்டும் மிஞ்சினார்கள். 2004-இல் கணவர் இறந்தார். அவர் சேர்த்து வைத்த சுமார் 5,000 புத்தகங்கள்தான் ஊர் நூலகம்.

நான் ஓய்வுபெற்ற வாத்தியார். கணக்கெடுப்பு வேலைக்கும் போனவன், ஞாயிறு தவறாமல் கோயிலுக்கும் போகிறவன். அந்த 100 சதவீதத்தைப் படித்ததும் எனக்கு பைபிளில் வரும் தாவீது ராஜா ஞாபகம் வந்தது.

இஸ்ரவேலை எண்ணிவரச் சொல்கிறான் தாவீது. படைத்தலைவன் யோவாப் தடுத்தும் கேட்கவில்லை. எண்ணி முடித்ததும் கொள்ளைநோய் வந்து 70,000 பேர் சாகிறார்கள். தலையை எண்ணியதில் அப்படி என்ன பாவம்? வேதமே இதில் ஒரு வாயாகப் பேசவில்லை. தாவீதை ஏவியது கர்த்தர் என்கிறது இரண்டாம் சாமுவேல். சாத்தான் என்கிறது முதலாம் நாளாகமம். கணக்கும் ஒத்துப்போகவில்லை: ஒன்றில் இஸ்ரவேலர் 8 லட்சம், மற்றதில் 11 லட்சம். இத்தனைக்கும் மோசேயிடம் ஜனங்களை எண்ணச் சொன்னவரே கர்த்தர்தான். அப்போது ஆளுக்கு அரைச் சேக்கல் காணிக்கை. பணக்காரன் கூட்டித் தரக் கூடாது, ஏழை குறைத்துத் தரக் கூடாது. ஆக, எண்ணுவது பாவமில்லை. தாவீது எண்ணியது வாள் பிடிக்கும் ஆண்களை மட்டும். தன் கைக்குள் எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டான். குற்றம் அதுதான் என்பது என் கட்சி. எங்கள் சபை ஐயர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

எங்கள் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பது எத்தனை? ஒரு வீட்டில் அந்த அம்மா முதலாவதுக்கு "நாலு" என்றார். அடுத்ததுக்குத் திண்ணையில் இருந்த மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூணுன்னு எழுதிக்கிடுங்க சார்" என்றார். எழுதினேன். குறைந்த அந்த ஒன்றுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

2020-இல் மோனோவாயின் தொகை 2 என்று வந்தது. யாரும் குடிவரவில்லை. தனி ஆளின் விவரம் வெளியே தெரியக் கூடாது என்பது அங்கே சட்டம். அதற்காகச் சிற்றூர்களின் எண்களைக் கணக்கெடுப்புத் துறையே வேண்டுமென்று சற்றுக் கலைத்து வெளியிடுகிறது. மாநிலத்தின் மொத்தத் தொகையில் கைவைப்பதில்லை. வருமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருவரே இருக்கும் ஊரில் சராசரி வருமானம் போடுவது அவருடைய பெட்டியைத் தெருவில் திறந்து வைப்பதற்குச் சமம். நாலு பேருக்குத் தெரிந்த பாட்டியை அந்தப் பொய்யான 2 மறைத்துவிடவில்லைதான். ஆனாலும் தாவீதுக்கு வராத கூச்சம் ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. சரியாக எண்ணிய பல கணக்குகளைவிட அந்தத் தப்பான கணக்கை நான் மதிக்கிறேன்.

இங்கே இந்தியாவில் 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027-இல் சாதியையும் கேட்டு எடுக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். படிவத்தோடு போகப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டுத் திண்ணையில் பேசாதீர்கள்.